மிப்14: இலையை எழுப்பிய கட்டளை

தாவர மரபியலில் உனக்கு மிகவும் பிடித்தது எது என்று யார் கேட்டாலும் யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட வேண்டாம். மிப்14 என்பேன். முயல்பாதக் குளோவர் என்ற சாதாரணக் காட்டுச்செடியில் இருந்து நியூசிலாந்து ஆய்வாளர்கள் எடுத்த மரபணு அது. முழுப்பெயர் டிஏமிப்14. முன்னால் நிற்கும் டி, ஏ இரண்டும் ட்ரைஃபோலியம் ஆர்வென்ஸ் என்ற அந்தச் செடியின் பெயர்ச்சுருக்கம். அந்த ஒரே மரபணுவை மேய்ச்சல் நிலத்து வெள்ளைக் குளோவருக்குள் வைத்தார்கள். அவ்வளவுதான். காலங்காலமாக இலைப்பரப்பில் துவர்ப்பே இல்லாமல் இருந்த செடி, இலை முழுக்க அடர் டானினைச் செய்யத் தொடங்கிவிட்டது!

2012இல் பிளான்ட் ஃபிசியாலஜி இதழில் கெரி ஹான்காக்கும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைதான் இதைச் சொன்னது. தீவனப் பயிர் ஆய்வில் இருக்கும் எனக்கு அதை எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை. படிக்க வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இவ்வளவு அழகான விஷயம் தமிழில் நாலு பேர் உட்கார்ந்து பேசும் பேச்சாக இன்னும் ஆகவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டானின் நமக்குப் புதிதல்ல. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது டானின் செய்யும் வேலை. நாக்கில் ஊறும் எச்சிலின் புரதத்தைப் போய்ப் பற்றிக்கொள்வதால் வரும் உணர்வு அது. டானினில் இரண்டு பெருங்கூட்டம் உண்டு. கடுக்காயில் இருப்பது நீரால் உடையும் வகை. நான் உருகி உருகிப் பேசப்போவது இன்னொரு வகையான அடர் டானினைப் பற்றி. கேட்டெச்சின், எபிகேட்டெச்சின் போன்ற சிறு மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக நீள்வதுதான் அது. திராட்சை விதையிலும் ஆப்பிள் தோலிலும் இருப்பது இந்த வகைதான்.

இந்தச் சங்கிலிக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதை எனக்குப் புத்தகத்துக்கு முன்னால் எங்கள் கொங்கு நாட்டுத் தோட்டங்கள்தான் சொல்லிக் கொடுத்தன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் குதிரை மசால் போட்டிருந்தார். விடியக்காலையில் அறுத்ததை வரப்பில் பரப்பி வைத்திருப்பார். "ஏனுங்க ஐயா, அறுத்ததை உடனே போட்டா என்னங்க?" என்று கேட்டேன். "பனியோட அப்பிடியே போட்டா வகுறு உப்பிக்கும் அம்மிணி. வாட வெச்சுத்தான் போடோணும். அதுவும் சோளத்தட்டோட கலந்து போடோணும்" என்றார். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய உயிர்வேதியியல் பாடமே அடங்கியிருக்கிறது.

குதிரை மசாலும் வெள்ளைக் குளோவரும் புரதம் நிறைந்த பயறினத் தீவனங்கள். புரதம் நிறைந்திருப்பது நல்லதுதான். ஆனால் இளசாக இருக்கும்போது அந்தப் புரதம் மாட்டின் அசைவயிற்றில் மளமளவென்று கரைந்துவிடுகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் பாய்ந்து பிடித்துச் சிதைக்கின்றன. கரைந்த புரதம் குழம்பான நுரையாகிறது. நொதித்தலில் உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியேற வேண்டும். நுரைக்குள் மாட்டிக்கொண்டால் அதற்கு வழியில்லை. இடப்பக்க விலா ஓரம் மேளம் போலப் புடைத்து எழும், மூச்சு திணறும். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எண்ணெய் புகட்டுவது நுரையை உடைக்கத்தான். முற்றிப்போனால் கால்நடை மருத்துவர் விலாவில் குழாயைக் குத்தித்தான் வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

உப்புசம் கண்ணுக்குத் தெரியும் நட்டம். தெரியாத நட்டம் அதைவிடப் பெரிது. அசைவயிற்றில் அளவுக்கு மேல் சிதையும் புரதம் அம்மோனியாவாகிறது. அம்மோனியா ரத்தத்துக்குப் போய், யூரியாவாகி, சிறுநீரில் கழிகிறது. விவசாயி பாடுபட்டு வளர்த்த புரதத்தில் பெரும்பங்கு இப்படி மண்ணுக்குப் போகிறது. அங்கிருந்து நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கும், நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றுக்கும் போகிறது.

இங்கேதான் அடர் டானின் வருகிறது, என்ன நேர்த்தியாக வருகிறது பாருங்கள்! செடியின் செல்லில் டானின் வெற்றிடப்பையில் அடைந்து கிடக்கும். புரதத்தின் பெரும்பகுதி பசுங்கணிகத்தில் இருக்கும். இரண்டும் சந்திப்பதே இல்லை. மாடு கடித்து மெல்லும்போதுதான் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. டானின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அசைவயிற்றின் அமிலக் காரக் குறியீடு 6 முதல் 7 வரை. அந்த நிலையில் பிடி இறுகியே இருக்கும்; நுண்ணுயிர்களால் புரதத்தை எளிதில் சிதைக்க முடியாது, நுரையும் கட்டாது. அடுத்து உணவு நான்காம் இரைப்பைக்குப் போகிறது. அங்கே கடும் அமிலம். குறியீடு 3க்கும் கீழே இறங்கும். அங்கே போனதும் பிடி விடுகிறது! புரதம் அவிழ்ந்து, சிறுகுடலில் அமினோ அமிலமாக மாட்டின் உடலில் சேர்கிறது. காக்க வேண்டிய இடத்தில் காத்து, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிடுகிறது. 1977இல் ஜோன்ஸ், மங்கன் இருவரும் செயின்ஃபாயின் என்ற தீவனப் பயிரின் டானினை வைத்து இந்தப் பிடித்தலையும் விடுதலையும் அளந்து காட்டினார்கள்.

நியூசிலாந்துக்காரர்கள் இதை ஆடுகளிலேயே சோதித்துப் பார்த்தார்கள். லோட்டஸ் கார்னிகுலேட்டஸ் என்றொரு மஞ்சள் பூப்பயறு. அதன் இலையில் இயல்பாகவே அளவான டானின் உண்டு. அதை மேய்ந்த ஆடுகளில் கம்பளி கூடியது, சினை முட்டை வெளிப்படுவதும் கூடியது. இது டானினால்தான் என்று எப்படி உறுதி செய்வது? பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் டானினைப் புரதத்தைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அதை ஒரு கூட்டத்துக்குப் புகட்டி டானினைச் செயலிழக்கச் செய்துவிட்டு, புகட்டாத கூட்டத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரே தீவனம், ஒரே வயல், வேறுபாடு டானின் மட்டும். சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கைதட்டத் தோன்றும்.

அளவு முக்கியம். உலர் எடையில் 0.5 சதவீதமே உப்புசத்தைத் தடுக்கப் போதும் என்கிறார்கள். 2 முதல் 4 சதவீதம் இருந்தால் புரதப் பலன் நன்றாகக் கிடைக்கும். 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் தீவனம் துவர்த்துப்போய் மாடு தின்பதையே குறைத்துக்கொள்ளும். வளம் குன்றிய மண்ணில் வளரும் லோட்டஸ் பெடங்குலேட்டஸில் இப்படி மிஞ்சிப்போவது உண்டு. ஆக, டானின் இருந்தால் மட்டும் போதாது. எந்த உறுப்பில், எவ்வளவு என்று நாம் தீர்மானிக்க முடிந்தால்தான் பயன். அதைத் தீர்மானிப்பது மரபணுக்களின் கட்டுப்பாடு. என் மனசைப் பறிகொடுத்த இடம் அதுதான்.

உலகம் முழுக்க அதிகம் விதைக்கும் மேய்ச்சல் பயறுகள் குதிரை மசாலும் வெள்ளைக் குளோவரும். இரண்டின் இலையிலும் சொல்லிக்கொள்ளும்படி டானின் இல்லை. சரி, உறவுக்காரச் செடி எதிலாவது இருந்தால் ஒட்டுக்கலப்பு செய்து கொண்டுவந்துவிடலாமே? கனடாவில் கோப்லனும் கூட்டாளிகளும் குதிரை மசால் சேர்ந்த மெடிக்காகோ பேரினத்தின் இனங்களை வரிசையாகச் சலித்துப் பார்த்து 1980இல் முடிவை வெளியிட்டார்கள். குதிரை மசாலின் உறவுகளில் எதன் இலையிலும் கிடைக்கவில்லை. ஆனால் விதையுறையில் இருந்தது! வெள்ளைக் குளோவரும் அதே கதைதான். பூவில் டானின் உண்டு, இலையின் அடிப்புற மயிர்களிலும் கொஞ்சம் உண்டு, இலைப்பரப்பில் இல்லை.

இதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதை விவரிக்காமல் இந்தக் கட்டுரையை என்னால் நகர்த்த முடியாது. டிமாக்கா என்று நாங்கள் சொல்லும் ஒரு சாயம் உண்டு. கேட்டெச்சின் குடும்பத்தைக் கண்டால் அது நீலமாகும். இலையை எத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறப்போட்டால் பச்சையம் இறங்கி, மறுநாள் இலை எண்ணெய்த் தாள் போல வெளுத்து நிற்கும். நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அதன் பிறகு அமிலம் சேர்த்த டிமாக்கா கரைசலை ஊற்ற வேண்டும். நான் நான்கு செடியின் இலைகளைப் பக்கம் பக்கமாக வைத்தேன்: குதிரை மசால், வெள்ளைக் குளோவர், லோட்டஸ், முயல்பாதக் குளோவர். குதிரை மசால் இலை வெளுப்பாகவே இருந்தது. வெள்ளைக் குளோவரும் அப்படித்தான். நுண்ணோக்கியில் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்து மயிர் சில மட்டும் நீலக் கோடுகளாக நின்றன. லோட்டஸ் இலையில் நீலப் புள்ளிகள் மெல்ல மெல்ல எழும்பின. முயல்பாதக் குளோவரோ, ஐயோ, அந்த நீலத்தை எப்படிச் சொல்வேன்! ஓரத்தில் தொடங்கி உள்ளே ஊறிப் பரவி இலை முழுக்க ஆழ்ந்த நீலமாகிவிட்டது. அடுத்து வெள்ளைக் குளோவரின் பூவையும் குதிரை மசாலின் விதையுறையையும் அதே கரைசலில் போட்டேன். இரண்டும் நீலம்!

அந்த நீலத்தைப் பார்த்த பிறகு கேள்வி தானாக எழும். பூவில் செய்யத் தெரிந்த செடிக்கு இலையில் ஏன் தெரியவில்லை? பூவின் செல்லிலும் இலையின் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதானே? கல்யாண வீட்டுச் சமையற்கூடத்தில் அண்டா, கரண்டி, அரிசி, பருப்பு எல்லாம் தயாராக இருந்தும் தலைமைச் சமையல்காரர் வந்து சொல்லாததால் அடுப்பு மூட்டாமல் இருப்பது போலத்தான் வெள்ளைக் குளோவரின் இலை. இல்லாதது பொருள் அல்ல, உத்தரவு. இந்த ஒரு வாக்கியத்தை நிரூபிக்க உலகின் பல மூலைகளில் ஆய்வாளர்கள் பட்ட பாடுதான் இந்தத் துறையின் வரலாறு.

முதலில் சமைக்கும் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும் பாதை அது. படிப்படியாகப் பல நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி, பூவுக்கும் பழத்துக்கும் சிவப்பு, ஊதா தரும் ஆந்தோசயனின் நிறமிக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அங்கேதான் பாதை பிரிகிறது. ஒரு பக்கம் நிறமி, மறுபக்கம் டானின். திருப்பிவிடும் நொதி எது?

அதற்கான விடை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் விதைகளில் இருந்து வந்தது. சாதாரணமாக அதன் விதை பழுப்பு நிறம். அந்தப் பழுப்பே டானின் ஆக்சிஜனேற்றம் அடைந்த நிறம்தான். டானின் செய்ய முடியாத திரிபுகளில் விதை மஞ்சளாகத் தெரியும். ஒரு திரிபில் மட்டும் பிஞ்சு விதை சிவந்துபோனது. பிரான்சின் பான்யுல்ஸ் திராட்சை மது நினைவுக்கு வந்ததால் கண்டுபிடித்தவர்கள் அந்த மரபணுவுக்குப் பான்யுல்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது வேறொரு நொதியாக இருக்கும் என்றுதான் முதலில் கருதினார்கள். 2003இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ரிச்சர்ட் டிக்சனின் குழு சயின்ஸ் இதழில் உண்மையைப் போட்டு உடைத்தது. நிறமியின் மூலமான சயனிடினை எபிகேட்டெச்சினாக மாற்றும் ஆந்தோசயனிடின் ரிடக்டேஸ் நொதிதான் அது, சுருக்கமாக ஏஎன்ஆர். புகையிலைப் பூவிதழில் அதை ஏற்றியபோது சிவப்பு மங்கி டானின் சேர்ந்தது. பாதை பிரியும் இடத்தின் சாவி கையில் வந்துவிட்டது!

அடுத்தது, இந்த நொதிகளுக்கு உத்தரவு போடுவது யார்? இதுவும் விதைகளிலேயே விடிந்தது. விதையுறை வெளுக்கும் திரிபுகளில் டிடி2, டிடி8, டிடிஜி1 என்று மூன்று மரபணுக்கள் தனித்து நின்றன. இவை எதுவும் நொதி அல்ல, கட்டுப்பாட்டுப் புரதங்கள். டிடி2 மிப் குடும்பம், டிடி8 பிஎச்எல்எச் குடும்பம், டிடிஜி1 டபிள்யூடி40 குடும்பம். மூன்றும் கைகோத்து ஒரே கூட்டணியாகி, பான்யுல்ஸ் மரபணுவின் முன்பகுதியில் போய் உட்கார்ந்து அதைப் படியெடுக்க வைக்கின்றன.

இந்தக் கூட்டணியை எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து ரசிக்கலாம். டிடிஜி1 டானினுக்கு மட்டும் உழைப்பதில்லை. இலை மயிர் முளைப்பது, வேர் மயிர் அமைவது, விதையைச் சுற்றி வழுவழுப்பு ஊறுவது எல்லாவற்றுக்கும் அதே புரதம் வேண்டும். பிஎச்எல்எச்சும் பல இடங்களில் வேலை பார்ப்பதுதான். அப்படியானால் "இங்கே டானின் செய்" என்று குறிப்பாகச் சொல்வது யார்? மிப். கூட்டணியில் மற்ற இருவரும் பொது, மிப் மட்டும் இடத்துக்கு இடம் வேறு. எந்த மிப் வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்து ஒரு செல் மயிராகும், இன்னொன்று சிவக்கும், வேறொன்று துவர்க்கும். இருக்கிற மூன்று நான்கு துண்டுகளை மாற்றிக் கோத்தே செடி இத்தனை வேலைகளைச் செய்து முடிக்கிறது. என்ன சிக்கனம், என்ன சாமர்த்தியம்!

இது தெளிவாகும் முன்பே துணிந்து இறங்கியவர்களை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். கனடாவின் சாஸ்கட்டூனில் மார்கரெட் குரூபரின் குழு மக்காச்சோளத்தின் எல்சி என்ற பிஎச்எல்எச் மரபணுவைக் குதிரை மசாலில் ஏற்றி, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. கடும் வெளிச்சமோ குளிரோ பட்டபோது இலை சிவந்தது, டானினும் ஓரளவு தென்பட்டது. வேல்ஸில் ராபின்ஸின் குழு மக்காச்சோளத்தின் எஸ்என் மரபணுவை லோட்டஸில் ஏற்றியது. சில செடிகளில் டானின் கூடியது, சிலவற்றில் குறைந்தது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பைத் தந்தன: பிஎச்எல்எச் மட்டும் போதாது, சரியான மிப் வேண்டும்.

அந்தச் சரியான மிப்பை எங்கே தேடுவது? பால்மர்ஸ்டன் நார்த் நகரில் இருக்கும் ஆக்ரிசர்ச் குழுவின் புத்திசாலித்தனம் இங்கேதான் மின்னுகிறது. தூரத்து அராபிடாப்சிஸையோ மக்காச்சோளத்தையோ அவர்கள் நாடவில்லை. வெள்ளைக் குளோவரின் சொந்தக்காரியையே தேடிப் போனார்கள். முயல்பாதக் குளோவர் அதே ட்ரைஃபோலியம் பேரினம். அதன் இலையில்தான் டானின் கொட்டிக் கிடக்கிறதே! ஒரே குடும்பத்தில் ஒருத்தி செய்கிறாள், ஒருத்தி செய்யவில்லை. செய்பவளின் இலையில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் மிப் எது என்று பார்த்தார்கள். மிப்14 அகப்பட்டது. அதைவிடச் சிலிர்ப்பான செய்தி, வெள்ளைக் குளோவரிடமும் மிப்14 உண்டு என்பதுதான்! இலையில் மட்டும் அது வாய் திறப்பதில்லை.

கட்டுரையின் சோதனை அமைப்பை நான் மனப்பாடமாகவே சொல்வேன். முதலில் முயல்பாதக் குளோவரில் ஆர்என்ஏ குறுக்கீட்டு முறையில் மிப்14ஐ அமுக்கினார்கள். டானின் உற்பத்தி கிட்டத்தட்ட முழுதுமாக நின்றுபோனது. அடுத்து அதே மரபணுவை எப்போதும் விழித்திருக்கும்படி வெள்ளைக் குளோவரிலும் குதிரை மசாலிலும் ஏற்றினார்கள். இலையில் டானின் சேர்ந்தது, உலர் எடையில் 1.8 சதவீதம் வரை! பயறினமே அல்லாத புகையிலையில் ஏற்றினாலும் சேர்ந்தது. எடுத்தால் நிற்கிறது, கொடுத்தால் வருகிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? நிறை நிறமாலை அளவீட்டில் ஆறு கண்ணிகள் வரை கோத்த சங்கிலிகளை எண்ணிக் காட்டினார்கள். அடுப்படிப் பொருள் எல்லாம் வெள்ளைக் குளோவர் இலையிலேயே இருந்தது என்பதற்கு அந்த 1.8தான் சாட்சி. வெளியில் இருந்து ஒரு நொதிகூடக் கொண்டுபோகவில்லை. வந்தது கட்டளை மட்டும்.

அதே 2012இல் டிக்சனின் ஊரில் இருந்தே மெடிக்காகோ ட்ரன்கட்டுலாவின் விதையில் டானினுக்குப் பச்சைக்கொடி காட்டும் எம்டிபிஏஆர் என்ற இன்னொரு மிப்பைக் கண்டு சொன்னார்கள். அதைக் குதிரை மசாலில் ஏற்றியபோதும் தண்டு, இலைப் பகுதியில் டானின் தென்பட்டது. இரண்டு குழு, இரண்டு மிப், ஒரே பாடம்.

பிறகு இந்தத் துறை இன்னும் ஆழமாக இறங்கியது. ட்ரன்கட்டுலாவின் விதையுறையில் மிப்5, மிப்14 இரண்டும் சேர்ந்துதான் டானினை நடத்துகின்றன என்று 2014இல் வந்தது. 2015இல் மிப்2 என்ற ஒரு பிரேக்கும் வெளிப்பட்டது. அது அதே கூட்டணிக்குள் இடம் பிடித்துக்கொண்டு உற்பத்தியை அடக்கும். முடுக்கியும் பிரேக்கும் ஒரே குடும்பம், ஒரே இருக்கை! எந்தச் செல்லில், எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பதைச் செடி இவ்வளவு நுட்பமாக அளப்பது இப்படித்தான். 2016இல் வந்த செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் வேறு வேலையே பார்க்கவில்லை. எல்ஏஆர் என்ற நொதி கேட்டெச்சின் செய்வதற்கு என்றுதான் அதுவரை எழுதி வந்தோம். சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்துவதும் அதுதான் என்று காட்டினார்கள். அது இல்லாவிட்டால் சங்கிலி நீண்டு கரையாமல் போகிறது. மாட்டுக்கு வேண்டிய பிடித்தலும் விடுதலும் சங்கிலியின் தன்மையைப் பொறுத்தது. ஆகவே இந்த நொதியின் கதை தீவனத்தின் கதையும்தான்.

செய்த டானினைச் செடி பத்திரமாகப் பூட்டி வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் தன் புரதத்தையே அது பிடித்துக்கொள்ளும். எபிகேட்டெச்சினுக்கு ஒரு சர்க்கரையைச் சேர்த்து, மேட் என்ற கடத்திப் புரதத்தின் வழியாக வெற்றிடப்பைக்குள் அனுப்பிவிடுகிறது. மிப் கட்டளையிடும்போது இந்தப் பாதைக்கும் சேர்த்தே கட்டளை போகிறது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: மிப்14 ஏற்றிய வெள்ளைக் குளோவரின் டானின், இலைப் புரதத்தைப் பற்றுகிறது என்றும், ஆய்வகத்தில் அசைவயிற்றுத் திரவத்தில் ஊறவைத்தபோது அம்மோனியாவும் மீத்தேனும் குறைந்தன என்றும் ரோல்டானும் கூட்டாளிகளும் காட்டினார்கள். மீத்தேன், கால்நடையின் ஏப்பத்தில் போகும் பசுங்குடில் வாயு. ஆடுமாடுகளை நம்பிப் பிழைக்கும் நியூசிலாந்தில் அந்நாட்டின் உமிழ்வுக் கணக்கில் பெரும்பங்கு வேளாண்மையுடையதுதான். அப்படிப்பட்ட நாட்டுக்கு இந்த இலை எவ்வளவு வேண்டியது! அங்கே மரபணு மாற்றுப் பயிர்களுக்குச் சட்டம் கடுமையாக இருந்ததால் வயல் சோதனைக்கு அமெரிக்காவுக்குப் போனார்கள். கலப்பின வழியில் போனவர்களும் உண்டு. அர்ஜென்டினாவின் சாஸ்கோமுஸில் எஸ்காரேயும் கூட்டாளிகளும் டானின் குறைந்த லோட்டஸ் டெனுயிஸை டானின் நிறைந்த கார்னிகுலேட்டஸ் காட்டு வகையோடு சேர்த்து, இலையில் டானினோடு கூடிய கலப்பினத்தை எடுத்தார்கள். வெள்ளைக் குளோவருக்குள்ளேயே ஒரு மிப்14 தூங்கும்போது, அதை எழுப்பும் மரபணுத் திருத்த வழியும் திறந்தே இருக்கிறது. எனக்கு அதில்தான் அதிக ஆசை.

நம் தோட்டங்களிலும் இந்த வேதியியல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. வேலிமசாலும் சவுண்டலும் இயல்பிலேயே இலையில் அடர் டானின் உள்ள தீவனங்கள். சவுண்டலில் மைமோசின் என்ற நச்சும் இருப்பதால் அளவோடுதான் போட வேண்டும். வேலிமசாலை வெட்டிவந்து அப்படியே போடுகிறோமே, அந்த இலைக்குள்ளும் ஒரு மிப் ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எந்தத் தீவனச் செடியையும் சும்மா பார்க்க என்னால் முடிவதில்லை.

தாவரவியல், உயிர்வேதியியல், கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஹான்காக்கின் 2012 கட்டுரையை எடுத்துப் படியுங்கள். டிமாக்கா கிடைக்காவிட்டால் தீவன இலைச் சாற்றோடு பியூட்டனாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து, ஆசிரியர் மேற்பார்வையில் உங்கள் துறையின் வெப்பநீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். டானின் இருந்தால் சங்கிலி உடைந்து கரைசல் சிவக்கும். குதிரை மசாலுக்கு ஒரு குழாய், வேலிமசாலுக்கு ஒரு குழாய், சவுண்டலுக்கு ஒரு குழாய் வைத்து, எது எவ்வளவு சிவக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுங்கள். அதோடு நிற்காமல் அந்தச் செடிகளின் பூவையும் விதையுறையையும் சேர்த்துச் சோதியுங்கள். இலையில் இல்லாதது விதையில் இருப்பதை நீங்களே கண்டால், அடுத்த கேள்வி உங்கள் வாயில் இருந்தே வரும்: இந்த இலைக்குக் கட்டளை கொடுக்க வேண்டிய மிப் எது, அதை அடக்கி வைத்திருப்பது யார்? நம் ஊர்த் தீவனப் பயறுகள் பலவற்றுக்கு அந்தக் கேள்வியை வரிசையாகக் கேட்டுப் பார்க்க ஆட்கள் வேண்டும். வாருங்கள், வேலை நிறைய இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமான வேலை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.